புழுங்கலரிசியும் நிலவேம்பும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் அடுக்களையின் வரலாறு

பாட்டி வைத்தியம், வீட்டுச் சமையல் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் மாணவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையாக எழுதுகிறார்கள். "முன்னோர்கள் சொன்னதெல்லாம் அறிவியல்தான்" என்பது ஒரு வகை. "அதெல்லாம் அந்தக் காலத்து நம்பிக்கை, இப்போ எடுபடாது" என்பது இன்னொரு வகை. எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் ஒரே குறைதான். சான்று இருக்காது.

நம் வீட்டு உணவு உடல்நலத்தைக் காத்ததா இல்லையா என்பதற்கு ஒரு நல்ல சான்று கோலாலம்பூரிலேயே இருக்கிறது. அடுக்களை அறிவு எங்கே கைகொடுக்காமல் போனது என்பதற்கான சான்றும் பக்கத்திலேயே, கிள்ளானில் இருக்கிறது. இரண்டும் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுக்குள் நடந்தவை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பாடம் முழுமையாகும்.

அடுக்களைகள் வந்த இரண்டு வழி

1896இல் கூட்டரசு மலாய் மாநிலங்கள் அமைந்தன. கோலாலம்பூர் அதன் தலைநகரானது. ரயில் பாதைகள் நீண்டன. காப்பித் தோட்டங்கள் இருந்த இடத்தில் ரப்பர் வந்தது. கித்தா மரம் வெட்டவும் சாலை போடவும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முதலில் ஒப்பந்தக் கூலிகளாக, பிறகு கங்காணி முறையில். கிள்ளானைச் சுற்றிய தோட்டங்களின் லயங்களில் அவர்கள் அடுப்பு மூட்டினார்கள்.

இன்னொரு வழி யாழ்ப்பாணத்திலிருந்து. ஆங்கிலம் படித்த இலங்கைத் தமிழர்கள் ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் கிரானிகளாக, தொழில்நுட்பப் பணியாளர்களாக வந்தார்கள். ரயில்வே குடியிருப்புகள் இருந்த பிரிக்பீல்ட்ஸ் அவர்களுக்கு முக்கிய இடம்.

இந்த இரண்டு அடுக்களைகளுக்கும் பேச்சு வேறு, கைப்பக்குவம் வேறு. தோட்டத்து வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு மருந்துக் குழம்பு. யாழ்ப்பாணத்து வீட்டில் பத்தியக் கறி. மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், பூண்டு, இஞ்சி என்று சரக்கு என்னவோ பெரும்பாலும் ஒன்றுதான். இன்றும் பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளான் தெங்கு கெலானா சாலைக் கடைகளிலும் இந்தச் சரக்குகள் அடுத்தடுத்த டப்பாவில் இருப்பதைப் பார்க்கலாம்.

இரண்டு அடுக்களைக்கும் பொதுவான இன்னொன்று புழுங்கலரிசி. நம் கதையின் முதல் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

பெரிபெரி: யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை?

அந்தக் காலத்து மலாயாவில் ஆட்களைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்த நோய்களில் ஒன்று பெரிபெரி. கால் மரத்துப் போகும், வீங்கும், நடை தளரும், கடைசியில் இதயம் செயலிழக்கும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். சிறைகளிலும் மனநல மருத்துவமனைகளிலும் பரவியது. இது தொற்றுநோய், கட்டடத்திலும் மண்ணிலும் இருந்து பரவுகிறது என்றே பல மருத்துவர்கள் நினைத்தார்கள்.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லெனர்ட் பிராடன் வேறொன்றைக் கவனித்தார். ஒரே ஊர், ஒரே வானிலை. ஆனால் சீனர்களுக்கு நோய் வருகிறது. தமிழர்களுக்கு அநேகமாக வருவதில்லை. கிராமத்து மலாய்க்காரர்களுக்கும் வருவதில்லை. அவர் சாப்பாட்டைப் பார்த்தார். சீனத் தொழிலாளர்கள் சாப்பிட்டது ஆலையில் நன்றாகத் தீட்டிய சயாம் வெள்ளையரிசி. மலாய்க் குடும்பங்கள் சாப்பிட்டது அவ்வப்போது வீட்டிலேயே குத்திய அரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. பிராடன் 1907இல் தம் நூலில் இந்த வாதத்தை விரிவாக வைத்தார்.

ஆனால் கவனித்தது மட்டும் போதாதே! தமிழர்களுக்கும் சீனர்களுக்கும் அரிசியில் மட்டுமா வேறுபாடு? வீடு, வேலை, பருப்பு, மசாலை என எத்தனையோ இருக்கிறது. இதில் எது காரணம் என்று எப்படிச் சொல்வது? அதற்குத்தான் சோதனை வேண்டும்.

கோலாலம்பூரில் நடந்த சோதனை

கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் பெரிபெரி பரவியிருந்த நேரம். மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர் 1905 டிசம்பரில் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு பக்கம். இரட்டைப்படை எண்காரர்கள் இன்னொரு பக்கம். ஒரு குழுவுக்குப் புழுங்கலரிசி, மற்றதற்குத் தீட்டிய வெள்ளையரிசி. மற்ற சாப்பாடு இரு குழுவுக்கும் ஒன்றே.

மாதங்கள் போகப் போக வெள்ளையரிசிக் குழுவில் பலருக்குப் பெரிபெரி வந்தது. சிலர் இறந்தும் போனார்கள். புழுங்கலரிசிக் குழு தப்பியது. "ஒருவேளை அந்தக் கட்டடத்தில்தான் நோய் இருக்குமோ?" என்ற சந்தேகத்தைத் தீர்க்க, இடையில் இரு குழுக்களையும் இடம் மாற்றினார். நோய் கட்டடத்தோடு தங்கவில்லை. வெள்ளையரிசியோடு சேர்ந்தே போனது. 1907இல் இந்த முடிவு லண்டன் மருத்துவ இதழான "தி லான்செட்"டில் வெளிவந்தது.

அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்ரி ஃபிரேசர், தாமஸ் ஸ்டான்டன் இருவரும் நெகிரி செம்பிலானின் உட்பகுதியில் சாலை வேலை செய்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே கேள்வியைச் சோதித்தார்கள். 1909இல் வெளியான அவர்கள் ஆய்வும் அதே பதிலைத் தந்தது. 1910இல் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய அரிசியை முதன்மை உணவாகக் கொள்வதற்கும் பெரிபெரிக்கும் தொடர்பு உண்டு என்று ஏற்றுக்கொண்டது.

ஒரு விஷயத்தை மாணவர்கள் விட்டுவிடக் கூடாது. அந்த நோயாளிகளிடம் இன்றுபோல் சம்மதம் கேட்கும் முறை அப்போது இல்லை. சிலருடைய உயிரை விலையாகக் கொடுத்துக் கிடைத்த அறிவு இது. இன்றைய மருத்துவ நெறி இதை அனுமதிக்காது. கட்டுரையில் இதையும் ஒரு வரி எழுதுங்கள்.

அரிசிக்குள் என்ன நடக்கிறது?

நெல்லை ஊறவைத்து, உமியோடேயே அவித்து, காயவைத்துப் பிறகு அரைப்பதுதான் புழுங்கலரிசி. அரிசியின் வெளிப்புறத் தவிட்டில் தயமின் என்ற சத்து இருக்கிறது. வைட்டமின் பி1 என்பதும் இதுதான். இது தண்ணீரில் கரையும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது இந்தச் சத்தில் ஒரு பகுதி தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதன்பின் ஆலையில் தவிட்டை நீக்கினாலும் அந்தப் பகுதி அரிசியிலேயே தங்கும். பச்சரிசியை அப்படியே தீட்டினால் தவிட்டோடு சத்தும் போய்விடும்.

ஜாவாவில் இருந்த டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன் 1890களிலேயே கோழிகளிடம் இதைக் கண்டிருந்தார். அதற்காக 1929இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தயமின் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது 1926இல்தான். அதாவது, ஃபிளெட்சர் சோதனை செய்தபோது "வைட்டமின்" என்ற சொல்லே பிறக்கவில்லை.

நம் வீட்டில் இன்னும் சில பழக்கங்களும் இதே திசையில் உதவின. சோறு வடித்த கஞ்சியைக் கீழே கொட்டாமல் உப்புப் போட்டுக் குடிப்பது ஒன்று. தண்ணீரில் கரைந்த சத்து அதில் கொஞ்சம் இருக்கும். பருப்பும் பயறும் சேர்த்துச் சமைப்பது இன்னொன்று. அவற்றிலும் தயமின் உண்டு.

பழக்கத்தின் காரணம் வேறு, விளைவு வேறு

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். "தமிழர்கள் அன்றே வைட்டமினை அறிந்திருந்தார்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். அப்படிச் சொல்ல ஆதாரம் கிடையாது.

நெல்லை அவித்துக் குத்தியவர்களுக்கு அதற்கென்று சொந்தக் காரணங்கள் இருந்தன. அவித்த நெல்லைக் குத்தினால் அரிசி உடைவது குறையும். வைத்திருந்தால் பூச்சி சீக்கிரம் அரிக்காது. சோறு குழையாது; தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் காலையில் பழைய சோறாகும். விடியுமுன் மரம் வெட்டப் போகிறவருக்கு அது "பசி தாங்கும்". இவ்வளவுதான் அவர்கள் கணக்கு. பெரிபெரி தடுக்கப்பட்டது அந்தப் பழக்கத்தோடு சேர்ந்து வந்த விளைவு.

இப்படிச் சொல்வதால் நம் பாட்டிகளின் பெருமை குறைந்துவிடாது. பல தலைமுறை கைப்பழக்கத்தில் சேர்ந்த அறிவு அது. ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் எப்படி என்று அவர்களுக்குத் தெரியும். "எப்படி" அடுக்களையில் இருந்தது. "ஏன்" ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. இரண்டும் சந்தித்த இடம் மலாயா. நம் மாணவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய வரலாறு இது.

கிள்ளானில் தெரிந்த எல்லை

இனி கதையின் மறுபாதி. அதே காலத்தில், புழுங்கலரிசி சாப்பிட்ட அதே தமிழர்கள் தோட்டங்களில் பெருமளவில் இறந்துகொண்டிருந்தார்கள். காரணம் மலேரியா. குளிர்க்காய்ச்சல், முறைக்காய்ச்சல் என்று நம்மவர்கள் சொன்னது இதைத்தான்.

1901இல் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளானில் பொறுப்பேற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டது. திறந்தவுடனே வேலையாட்களை மலேரியா பிடித்துக்கொண்டது. துறைமுகத்தை மூடிவிடலாமா என்றுகூடப் பேச்சு எழுந்தது.

மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதற்கான திறவுகோலை ரொனால்ட் ராஸ் 1897இல்தான் செகந்திராபாத்தில் கண்டுபிடித்திருந்தார். வாட்சன் அதை நம்பி, சதுப்பு நிலத்தை வடிகால் வெட்டி வடித்து, புதரை அழித்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் வேகமாகக் குறைந்தது. பிறகு தோட்டங்களுக்கும் இந்த முறை போனது. அங்கேயும் ஒரு பாடம் காத்திருந்தது. கடலோரச் சதுப்பில் நிழலில் வளரும் கொசு, காட்டை அழித்து நீரை வடித்தால் குறைந்தது. மலைப்பாங்கான இடத்திலோ வேறு வகைக் கொசு. அது வெயில் படும் ஓடைகளில் வளரும். அங்கே காட்டை வெட்டினால் காய்ச்சல் கூடியது! ஒரே வைத்தியம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

அந்த நாளில் லயத்து வீடுகளில் காய்ச்சலுக்கு என்ன செய்தார்கள்? கஷாயம் வைத்தார்கள். நிலவேம்பு, சுக்கு, மிளகு. உடம்பு வலிக்கு நொச்சி ஆவி. அன்போடு செய்த பணிவிடை அது. சூடான கஞ்சியும் ரசமும் தளர்ந்த உடம்புக்குத் தெம்பு தந்திருக்கும். ஆனால் மலேரியாவை அது நிறுத்தவில்லை. நிறுத்தியது கொயினாவும் வடிகாலும்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கொயினாவும் மூலிகைதான்! தென் அமெரிக்காவின் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுப்பது. நம் நீலகிரியிலேயே 1860கள் முதல் ஆங்கிலேயர்கள் சிங்கோனா பயிரிட்டார்கள். ஆகவே "மூலிகையா, ஆங்கில மருந்தா" என்பது தவறான கேள்வி. இந்த நோய்க்கு, இந்த அளவில், இது வேலை செய்கிறதா என்று சோதித்தார்களா? கேட்க வேண்டியது இதைத்தான்.

அண்டை வீட்டுக் கீரை

புதிய மண்ணில் எல்லாம் கிடைக்கவில்லை. கிடைத்ததை நட்டார்கள், இல்லாததற்கு மலாய்க்கார அண்டை வீட்டைப் பார்த்தார்கள். நாம் வல்லாரை என்பதை அவர்கள் பெகாகா என்று பச்சையாக உலாம் சாப்பிடுகிறார்கள். நாம் துவையல் அரைக்கிறோம். வேம்பு அவர்களுக்கு செமாம்பு. வெந்தயம் ஹல்பா. முருங்கை அவர்கள் வாயில் மெருங்கை ஆனது. உலகத் தாவரவியலில் "மொரிங்கா" ஆனதும் நம் முருங்கைதான்.

நிலவேம்பின் பெயர் இன்னும் சுவையானது. மலாயில் அது ஹெம்பெடு பூமி, அதாவது பூமியின் பித்தம். நாம் நிலத்து வேம்பு என்கிறோம். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே செடியைக் கடித்து, கசப்பையும் மண்ணையும் சேர்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் மலாய்க்காரர்களுக்குப் பந்தாங், நமக்குப் பத்தியம். லயத்தில் டிரசர் கொடுத்த மாத்திரை, அடுப்பில் கஷாயம், தேவைப்பட்டால் சீனரின் சின்சே கடை. குடும்பம் எதையும் ஒதுக்கவில்லை.

சோறு போன காலம், நிலம் போன காலம்

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. அரிசி இறக்குமதி அறுந்தது. படிவம் நான்கு மாணவர்களுக்குத் தெரிந்த செய்திதான்: மக்கள் மரவள்ளிக்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் சாப்பிட்டு உயிர் வாழ்ந்தார்கள். மரவள்ளி வயிற்றை நிரப்பும். ஆனால் அதில் தயமின் குறைவு. பெரிபெரி மீண்டும் தலைகாட்டியது. பல்லாயிரம் தமிழர்கள் சயாம் - பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பவே இல்லை. எஞ்சிய குடும்பங்களுக்கு லயத்துப் பின்பக்கக் கீரைப் பாத்தியும் முருங்கை மரமும் பெரிய துணை. அரிசி இல்லாமல் போனபோது அடுக்களை அறிவும் பாதி கையிழந்து நின்றது. அறிவு இருந்தால் மட்டும் போதாது, பொருளும் வேண்டும் என்பதை அந்த மூன்றரை ஆண்டு காட்டியது.

அடுத்து நிலம் போனது. எஃபிங்ஹாம் தோட்டம் பெட்டாலிங் ஜெயா ஆனது. சுங்கை ரெங்கம் தோட்டத்தில் ஷா ஆலம் எழுந்தது. சீஃபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயா ஆனது. தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்த குடும்பத்துக்குக் கறிவேப்பிலைகூடப் பூத்தொட்டி அளவில்தான். தூதுவளையும் மணத்தக்காளியும் பேரப்பிள்ளைகளுக்குப் பெயராகக்கூடத் தெரியாமல் போகின்றன.

இன்று என்ன பணயத்தில் இருக்கிறது?

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய். இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவு. இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒன்றை மட்டும் வரலாறு சொல்லும்: நாள் முழுக்க மரம் வெட்டி நடந்த உடம்புக்கு ஏற்பட்ட சோற்றளவு, நாள் முழுக்க நாற்காலியில் இருக்கும் உடம்புக்குப் பொருந்தாது. பாட்டியின் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பாட்டியின் நடையை விட்டுவிட்டோம்.

இன்னொரு ஆபத்தும் நம் வீடுகளில் உண்டு. வெந்தயத் தண்ணீர், பாகற்காய்ச் சாறு குடிக்கிறோம் என்று மருத்துவமனை மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துகிறவர்கள். வெந்தயமும் பாகற்காயும் நல்ல உணவுகள். மாத்திரைக்குப் பதில் அவை அல்ல. நிறுத்துவது, குறைப்பது மருத்துவரிடம் கேட்டுச் செய்ய வேண்டியது. அதேபோல் அடுப்பில் நாம் வைக்கும் ரசம் வேறு, கடையில் புட்டியில் விற்கும் லேகியம் வேறு. விற்பனைக்கு வரும் பாரம்பரிய மருந்துகள் நம் நாட்டில் பதிவு செய்யப்பட வேண்டும், 'எம்.ஏ.எல்.' எனத் தொடங்கும் பதிவு எண்ணை வாங்குமுன் பாருங்கள். பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் 2016, சித்தா, ஆயுர்வேதம் அடங்கிய பாரம்பரிய இந்திய மருத்துவத்தையும் ஏற்று, அதைச் செய்வோரை ஒழுங்குக்குள் கொண்டுவருகிறது.

பாட்டிகளின் அறிவை மதிக்கும் வழி, அதைக் கேட்டு எழுதி வைப்பதும், பிறகு கேள்வி கேட்பதும்தான். பிராடன், ஃபிளெட்சர் பெயர்கள் ஏட்டில் இருக்கின்றன. புழுங்கல் சோறு வடித்த லயத்துப் பெண்களில் ஒருவர் பெயர்கூட அந்த அறிக்கைகளில் இல்லை. அவர்களுடைய பேத்திகள் இன்று கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க இன்னும் கொஞ்சக் காலம்தான் இருக்கிறது.

வகுப்பறைக்கு

1. தமிழர்களுக்குப் பெரிபெரி அதிகம் வரவில்லை என்று பிராடன் கவனித்ததற்கும், ஃபிளெட்சர் செய்த சோதனைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

2. ஃபிளெட்சர் இரு குழுக்களையும் ஏன் இடம் மாற்றினார்? மாற்றாமல் விட்டிருந்தால் என்ன சந்தேகம் எஞ்சியிருக்கும்?

3. "பழக்கத்தின் காரணம் வேறு, விளைவு வேறு." உங்கள் வீட்டுச் சமையலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தந்து விவாதிக்க.

4. கிள்ளானில் மலேரியா குறைந்ததற்கான காரணங்களை வரிசைப்படுத்துக. கடலோரத்தில் உதவிய முறை மலைப்பாங்கான இடத்தில் ஏன் உதவவில்லை?

5. களப்பணி: குடும்பத்தில் மூத்தவர் ஒருவரிடம் ஒரே ஒரு பத்தியச் சமையலையோ கஷாயத்தையோ கேட்டு எழுதுக. பொருள், அளவு, எப்போது கொடுப்பார்கள், யாரிடம் கற்றார், எப்போது மருத்துவமனைக்குப் போவார்கள் என்ற ஐந்தும் இருக்க வேண்டும். கடைசிக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். எல்லை எது என்று நம் பாட்டிகளுக்குப் பெரும்பாலும் தெரிந்தே இருக்கும்.